நொச்சித் தண்ணி

சென்னையில் வெந்நீர்த் தொட்டி போட்டு அதில் ஆள்களை உட்கார வைத்துச் சம்பாதிக்கப் போகிறேன் என்று ஒரு மனிதர் சொன்னால் நாலு பேர் சிரிக்கத்தான் செய்வார்கள். ஹிதாயத்துல்லா சொன்னபோது தாம்பரத்துக்குப் பக்கத்திலிருக்கிற எங்கள் முடிச்சூரே சிரித்தது. டீக்கடையில், பள்ளிவாசல் கேட்டருகில், பஸ் ஸ்டாப்பில், எங்கே போனாலும் ஒரே கிண்டல்.

"இன்னா பாய், சித்திரை மாசத்துல உனுக்கு வெறகு செலவே கெடையாது. தொட்டியத் தூக்கி வெயில்ல வெச்சியானா தானா கொதிக்கும்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மேற்குத் தாம்பரத்தில் குழாயும் வாஷ்பேசினும் விற்கிற கடை வைத்து, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பேச்சு வாங்கிப் பழகிய மனிதர். "சிரிங்கப்பா, சிரிங்க. மார்கழி வரட்டும்" என்று மட்டும் சொல்வார்.

அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் வயலெல்லாம் ப்ளாட்டாகிக்கொண்டிருந்தது. நேற்று நாற்று நட்ட இடத்தில் இன்று மஞ்சள் பூசிய கல் நிற்கும். அவருடைய தோப்புக்கும் ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். தென்னையும் சப்போட்டாவும் நாலைந்து மாமரமுமாக, ஓரத்தில் அவர்கள் குடியிருந்த பழைய ஓட்டு வீட்டோடு இருந்த தோப்பு அது. அவருக்கு விற்க மனமில்லை. கடையிலும் முன்போல வியாபாரமில்லை. அந்தச் சமயத்தில்தான் பெங்களூரில் வேலை பார்க்கிற தங்கை மகன் முதாசிர் வந்து ஆசை காட்டிவிட்டுப் போனான். மலைப்பக்கம் தோட்டத்துக்கு நடுவே தனித்தனி ரூம் கட்டி, ஒவ்வொரு ரூமுக்கும் பின்னால் மறைவாக ஒரு வெந்நீர்த் தொட்டி வைத்திருக்கிறார்களாம். சனிக்கிழமையானால் கம்பெனிப் பிள்ளைகள் ஜோடி ஜோடியாக வந்து விழுகிறார்களாம்.

மருமகன் ஊருக்குப் போய்விட்டான். மாமாவுக்குத் தூக்கம் போய்விட்டது.

வீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு ரூம் கட்டினார். தொட்டியைத் திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் ஃபைபர் வேலை செய்கிற ஒரு பட்டறையில் சொல்லிச் செய்தார். வட்டமாக, ஆகாச நீலத்தில், உள்ளே சுற்றிலும் உட்காரத் திட்டு வைத்தது. அடியில் நாலு பக்கமும் துளை உண்டு. மோட்டாரைப் போட்டால் தண்ணீர் குமிழ் குமிழாகப் பொங்கும். குட்டியானை வண்டியிலிருந்து அதை இறக்கியபோது வேடிக்கை பார்க்க ஒரு கூட்டமே நின்றது.

அந்தக் கூட்டத்தில் அவருடைய மகள் ஷாயிஸ்தாவும் இருந்தாள். ஒரே மகள். காட்டாங்குளத்தூரில் காலேஜ் ஆபீசில் வேலை பார்க்கிற ஜமீருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தலைப் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். வயிற்றில் பிள்ளை, இடுப்பில் ஓயாத வலி. சப்போட்டா மரத்தில் சாய்ந்து நின்றவள் மெல்ல நடந்து வந்து தொட்டியைத் தட்டிப் பார்த்தாள்.

"அத்தா, இதுல ஒரு நாளு நான் உக்காரணும். முதுகு கழண்டு வுழுற மாரி கீது."

"ஒரு நாளு இன்னாம்மா? மொத ஆளே நீதான். புள்ள பொறக்கட்டும். நீ பிஸ்மி சொல்லி எறங்குனப்பறம்தான் மத்தவனெல்லாம்."

அதைக் கூட்டத்தின் நடுவில் உரக்கச் சொன்னார். கேட்டில் மாட்டிய பலகையிலும் அவள் பெயர்தான். 'ஷாயிஸ்தா கார்டன்'. அந்த மனிதருக்கு மகள் என்றால் உயிர். அதைச் சொல்லிவிட்டால்தான் பின்னால் நடந்தது விளங்கும்.

ஆனால் முதல் ஜோடி வந்த அன்று ஷாயிஸ்தா தாம்பரத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பெண் குழந்தை. சோயா என்று பெயர் வைத்தார்கள். வந்த ஜோடியைத் திருப்பி அனுப்ப முடியுமா? அவர்கள் இறங்கிவிட்டார்கள். போகட்டும், அவள் வீட்டுக்கு வந்ததும் இறங்கட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

அவள் வந்தாள். மார்கழியும் வந்தது. விடிகாலையில் ஏரிப்பக்கமிருந்து பனி இறங்கித் தோப்புக்குள் புகை போல நிற்கும். அந்தக் குளிரில் வெந்நீருக்குள் கழுத்துவரை முங்கிக்கொண்டு தென்னை ஓலையைப் பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது என்பதைக் கம்பெனிப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. மார்கழி வரட்டும் என்று சொன்ன மனிதர் டீக்கடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

பாடெல்லாம் அவர் மனைவி நஃபீசாவுக்குத்தான். விடியுமுன் எழுந்து பாய்லர் அடுப்பில் தென்னமட்டையும் பாளையும் வைத்து ஊதவேண்டும். தொட்டி நிறையத் தண்ணீர் காய ஒரு பகல் ஆகும். பதம் பார்ப்பது முழங்கையால். நடுவில் அரிசி களைய வேண்டும், மீன் கழுவ வேண்டும், மகளுக்குப் பூண்டுக் குழம்பு வைக்க வேண்டும், வந்தவர்களுக்குக் கோழி வறுக்க வேண்டும். ஒத்தாசைக்கு அருள்மேரி இருந்தாள். பக்கத்துத் தெருக்காரி. கூட்டிப் பெருக்குவது, போர்வை துவைப்பது, தொட்டி தேய்ப்பது அவள் வேலை. வாய் ஓயாது.

"பாயம்மா, வூட்ல கொழா கீது, மேல ஷவர் கீது, அதெல்லாம் வுட்டுட்டு இதுல வந்து ஊறிக்கினு கெடக்குதுங்க. நம்ம ஊர்ல அரிசிதான் ஊறும்."

ஷாயிஸ்தா திண்டில் சாய்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தபடி சிரிப்பாள். சிரிக்கும்போதே இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். இரண்டு மூன்று தடவை அப்பாவிடம் கேட்டும் பார்த்தாள்.

"அத்தா, இன்னிக்கி யாரும் இல்லியே."

"நாளைக்குக் காலீல வராங்கோம்மா. நீ எறங்கினா தண்ணி மாத்தணும், மறுபடியும் காயணும். வர்ற வாரம் பாத்துக்கலாம். இன்னா?"

"சரித்தா."

வாரம் வரும். அதோடு யாராவது வந்துவிடுவார்கள். அவர் மறந்துவிடவில்லை. நம்ம பிள்ளைதானே, பொறுத்துக்கொள்வாள் என்ற நினைப்பு. வீட்டு மனிதர்களிடம் நாம் எடுத்துக்கொள்கிற உரிமை அது. எவ்வளவு தூரம் எடுக்கலாம் என்பதற்கு யாரும் கோடு கிழித்துக் காட்டுவதில்லை.

நாற்பதாம் நாள் வந்தது. பிள்ளை பெற்றவள் தலைக்குக் குளித்துப் புகுந்த வீட்டுக்குக் கிளம்பும் நாள். சாயங்காலம் ஜமீர் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. பகல் பன்னிரண்டு மணிக்கு விருந்தாளிகள் வருவதாகவும் இருந்தது. செம்பாக்கத்திலிருந்து ஒரு பெரியவரும் அவர் மனைவியும். அமெரிக்காவிலிருக்கிற மகன் போனிலேயே ஏற்பாடு செய்திருந்தான்.

தொட்டித் தண்ணீர் முந்தின நாளே காய்ந்து, சூடு ஆறாமல் மூடி போட்டுத் தயாராக இருந்தது. காலையில் ஹிதாயத்துல்லா மீன் வாங்கத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனதும் நஃபீசா அருள்மேரியைப் பார்த்தாள்.

"மேரி, இன்னிக்கி வுட்டா எம் பொண்ணு எப்ப எறங்கறது? கொஞ்ச நேரம் உக்காந்து எழுந்துக்கட்டும். நம்ம வூட்டுப் புள்ளைக்காக ஒண்ணும் தண்ணி அழுக்காயிடாது."

"வெறுந்தண்ணியா?" என்றாள் அருள்மேரி. "நாப்பதுக்கு வெறுந்தண்ணில உக்கார வெப்பாங்களா? இரு, வரேன்."

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்ற உடம்புக்கு நொச்சித் தழை போட்டுக் காய்ச்சிய தண்ணீர்தான். பாய் வீடு, சர்ச்சுக்குப் போகிற வீடு, கோயிலுக்குப் போகிற வீடு என்று அதில் பேதமில்லை. தழையை வடிகட்ட மாட்டார்கள். வெந்த தழையைக் கையில் அள்ளி முதுகிலும் இடுப்பிலும் சூட்டோடு வைத்துத் தேய்க்க வேண்டும். அப்போதுதான் உடம்பில் இறங்கிய நீர் வற்றும், வலி விடும் என்பார்கள். அருள்மேரி ஏரிக்கரையிலிருந்து ஒரு கட்டு ஒடித்து வந்தாள். அண்டாவில் போட்டுக் கொதிக்கவிட்டார்கள். தண்ணீர் பச்சையாக இறங்கியதும் இருவருமாகத் தூக்கி வந்து, தழையும் காம்புமாக அப்படியே தொட்டியில் கவிழ்த்தார்கள். அந்தத் தொட்டிக்கு அடியில் துளை இருக்கிறது, துளைக்குப் பின்னால் மோட்டார் இருக்கிறது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தும் தோன்றவில்லை. அவர்களுக்கு அந்த நேரம் அது மோட்டார் தொட்டியாக இல்லை. பிள்ளை பெற்றவள் குளிக்கிற அண்டா.

ஷாயிஸ்தா நைட்டியை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். பிஸ்மி சொல்லி ஒரு காலை உள்ளே விட்டாள். "அம்மா..." என்று கண்ணை மூடினாள்.

மீனோடு சீக்கிரமே திரும்பிவிட்ட ஹிதாயத்துல்லா நேராகத் தோப்புப் பக்கம் வந்தார். தொட்டியைச் சுற்றி ஆளுயரத்துக்குக் கீற்றுத் தட்டி. மோட்டார் தட்டிக்கு வெளியே. ஆள் வருவதற்கு முன்னால் ஒரு தடவை ஓடவிட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். சுவிட்சைப் போட்டார்.

மோட்டார் ஓடவில்லை, உறுமியது. அப்புறம் கருகிய வாசனை வந்தது. அவர் பதறிப்போய் சுவிட்சை அணைத்தபோது புகையே வந்துவிட்டது.

"ஏய், யாரு உள்ள? இன்னா போட்டீங்க தொட்டில?"

தட்டிக்குள்ளிருந்து நஃபீசாவின் குரல் வந்தது. "ஏங்க, உள்ள வராதீங்க. ஷாயிஸ்தா குளிக்குது."

"குளிக்குதா? பன்னெண்டு மணிக்கு கெஸ்ட் வராங்கோன்னு உனுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"இன்னிக்கி நாப்பதுங்க. சாயந்தரம் கெளம்பிடும். கொஞ்ச நேரம்தான்."

"கொஞ்ச நேரத்துல மோட்டார எரிச்சிட்டீங்களே! இன்னா நாத்தம் இது? இன்னாத்தப் போட்ட?"

"நொச்சிங்க."

"நொச்சியா? தழையோடவா?"

"நான்தான் பாய் ஒடிச்சாந்தேன்" என்றாள் அருள்மேரி. "திட்றதுன்னா என்னத் திட்டு. பச்ச ஒடம்புக்காரிய வெச்சிக்கினு கத்தாத."

"நீ சும்மா இரு மேரி. மாட்டுக்குத் தழை போட்ற மாரி போட்டுட்டுப் பேசுது பாரு. இது இன்னா புள்ள பெத்தவ ரூமா? கெஸ்டு தொட்டி! வெளியேருந்து வர்றவன் எறங்கற தொட்டி! வூட்டு மனுசங்களுக்கு பக்கெட்டு இல்ல? சொம்பு இல்ல?"

உள்ளேயிருந்து ஷாயிஸ்தா பேசினாள். தழுதழுப்பெல்லாம் இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"நீங்கதானேத்தா சொன்னீங்க. மொத ஆளு நான்னு."

மடக்கப்பட்ட மனிதன் வாயில் என்ன வருமோ அதுதான் வந்தது.

"சொன்னேன். அதுக்கு? நீ இன்னா கெஸ்ட்டா? கெஸ்ட்டுன்னா சொல்லு, வா, ரூமு தொறந்து வுட்றேன்."

"யா அல்லாஹ்!" என்றாள் நஃபீசா.

கீற்றுத் தட்டிக்கு அந்தப் பக்கம் மகள் முகம் எப்படிப் போனது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் பேச்சை அங்கேயே திருப்பியிருப்பார், தட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதுகூட இருப்பார். அப்படிப்பட்ட மனிதர்தான். அருள்மேரிதான் பிறகு தெருவெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனாள். "அந்தப் புள்ள வெளிய எடுத்துச்சு பாரு, அந்த ஒரு காலை! துண்டு குடுத்தேன், வாங்கல. ஈரக்காலோட நடந்து போச்சும்மா."

மோட்டார் ரிப்பேர் பார்க்கிற ஜெபராஜ் வந்து கழற்றினான். உள்ளே இலையும் காம்பும் திரித்த கயிறு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன.

"மோட்டார் காயில் கருகிப் போச்சு பாய். கட்டித் தரேன், ஆனா இன்னிக்கி ஆவாது" என்றான். ஒரு இலையை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஒரு பழைய வேட்டித் துணில மூட்டையாக் கட்டிப் போட்டிருந்தா வேல முடிஞ்சிருக்கும்" என்றான்.

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஒரு முழம் பழைய துணி.

சாயங்காலம் வரவேண்டிய ஜமீர் மத்தியானமே ஆட்டோவோடு வந்து நின்றான். போன் போட்டு வரச்சொல்லியிருந்தாள். ஷாயிஸ்தா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மோட்டார் அருகில் வந்தாள்.

"வரேன் அத்தா."

அவர் கையெல்லாம் கிரீஸ். கோபமும் இன்னும் ஆறவில்லை. வர்றவர்களுக்கு என்ன சொல்வது என்ற கவலை வேறு. தலை நிமிராமல், "ம், பாத்துப் போ" என்றார். வர்ற வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்துச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்ததாகப் பின்னால் சொன்னார். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம்.

ஆட்டோ வெளியே போகவும் செம்பாக்கத்துக் கார் உள்ளே வரவும் சரியாக இருந்தது. பெரியவர் பெயர் ஸ்ரீநிவாசராகவன். அவர் மனைவி சரோஜினி அம்மாளுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. காரிலிருந்து இறங்குவதற்கே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. ஹிதாயத்துல்லா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அம்மா, மன்னிச்சுக்கணும். மோட்டாரு போயிடுச்சி. தண்ணிலயும் வூட்டுப் பொம்பளைங்க தெரியாத்தனமா நொச்சியப் போட்டுட்டாங்க. மாத்திக் காய வெக்க நாளைக்கு ஆயிடும்."

"நொச்சியா?" அந்த அம்மாள் அப்படியே நின்றாள். "அதான் பாத்தேன், கேட்டுக்கிட்ட வரச்சேயே வாசனை வந்துது. ஏன்னா, உங்களுக்கு வரலை?"

"எனக்கு மீன் வாசனைதான் வரது" என்றார் பெரியவர்.

"சும்மா இருங்கோ. பாய், அதை மாத்திடாதீங்கோ. யாராவது நொச்சி ஜலத்தைக் கொட்டுவாளா? மூணாவது பிரசவத்துக்கு எங்கம்மா விட்டா. அதுக்கப்பறம் எந்தப் புண்ணியவதி விட்டா நேக்கு? மோட்டார் கீட்டார் ஒண்ணும் வேண்டாம்."

நஃபீசா கைத்தாங்கலாகப் பிடித்து இறக்கினாள். அந்த அம்மாள் கழுத்தளவு தண்ணீரில், மிதக்கிற நொச்சித் தழைக்கு நடுவே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். விரல் நுனியெல்லாம் சுருங்கும்வரை எழுந்திருக்கவில்லை. வெளியே வந்தபோது முகமே வேறாக இருந்தது.

"யார் யோசனை பாய் இது? அந்தக் கைக்குத் தங்க வளையல் போடணும்."

"எம் பொண்ணுக்காகப் போட்டதும்மா."

"கேட்டுல போட்டிருக்கே ஷாயிஸ்தான்னு, அவளா? எங்கே, கூப்பிடுங்கோ."

ஹிதாயத்துல்லா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்பத்தாம்மா கெளம்பிப் போச்சு."

அந்த அம்மாள் போய் யார் யாரிடம் சொன்னாளோ, அடுத்த மாதத்திலிருந்து போனில் எல்லோரும் அதையே கேட்டார்கள். நொச்சிக் குளியல் இருக்கா? முட்டிவலிக்காரர்கள் வந்தார்கள். நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொண்டவர்கள் வந்தார்கள். சித்திரையில்கூட வந்தார்கள். நொச்சியை வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டிப் போட்டார்கள். மோட்டார் பேசாமல் ஓடியது. தோப்புக்கு விலை கேட்டு வந்தவர்கள் வருவதை நிறுத்தினார்கள். முடிச்சூரும் சிரிப்பை நிறுத்தியது. எதைப் போட்டதற்காக மகளிடம் கத்தினாரோ அதுதான் அந்தத் தோப்பைக் காப்பாற்றியது. இதை அவரிடம் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் தொட்டியிலிருந்து அந்த வாசனை எழும்போது அவரே எழுந்து ரோட்டுப்பக்கம் போய்விடுவார்.

ஷாயிஸ்தா சண்டை போடவில்லை. பேச்சையும் நிறுத்தவில்லை. போனில் நலம் விசாரித்தாள். பெருநாளானால் வந்தாள். ஆனால் எப்படி வந்தாள் தெரியுமா? கையில் ஆப்பிளும் பிஸ்கட் பாக்கெட்டும் வாங்கிக்கொண்டு வருவாள். முன் ரூமில் பிளாஸ்டிக் சேரில் உட்காருவாள். கொடுத்ததைச் சாப்பிடுவாள், "போதும், இருக்கட்டும்" என்பாள். பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவாள். ஒரு ராத்திரி தங்கியதில்லை. காட்டாங்குளத்தூர் என்ன கண்காணாத தேசமா? தாம்பரத்தில் ரயிலேறினால் கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடும்.

"பெத்த வூட்ல வந்து, பானைலேருந்து தண்ணி மொண்டுக்கட்டுமாம்மான்னு கேக்குதுங்க" என்று நஃபீசா ஒரு நாள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அவரும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருஷம் கழித்து, பக்ரீத்துக்கு மறுநாள் வருவதாகச் சொல்லியிருந்தாள். ஐப்பசி மழை கார்த்திகைக்கும் நீண்டிருந்தது. ஹிதாயத்துல்லா அன்றைக்கு யாருக்கும் ரூம் கொடுக்கவில்லை. முந்தின நாளே தொட்டியைத் தானே தேய்த்துக் கழுவினார். ஏரிக்கரைக்குப் போய்ச் சேற்றில் இறங்கி நொச்சியை ஒடித்து வந்தார். நமுத்துப்போன மட்டையை ஊதி ஊதிக் கண் சிவந்தது. நஃபீசா வெள்ளைத் துணியைக் கொடுத்தாள். வேண்டாமென்று தள்ளிவிட்டார். மோட்டாரின் வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தழையை அப்படியே தண்ணீரில் கொட்டினார்.

ஷாயிஸ்தா வந்தாள். சோயா தத்தித் தத்தித் தோப்பெல்லாம் ஓடியது. பிரியாணியும் தாளிச்சாவும் சாப்பிட்டார்கள். கை கழுவி வந்ததும் அவர் மெல்லக் கூப்பிட்டார்.

"ஷாயிஸ்தாம்மா, இங்க வந்து பாரேன்."

அவள் பின்னாலேயே வந்தாள். தட்டியை விலக்கிக் காட்டினார். நீலத் தொட்டியில் பச்சைத் தண்ணீர், மேலே ஆவி. அவள் குனிந்து, அம்மாவைப் போலவே முழங்கையை வைத்துப் பார்த்தாள்.

"பதமா கீதுத்தா. எத்தினி மணிக்கு வராங்க கெஸ்ட்?"

"யாரும் வர்ல. இன்னிக்கி யாருக்கும் குடுக்கல." தட்டியை இன்னும் கொஞ்சம் விலக்கிப் பிடித்தார். "உனுக்குத்தாம்மா. நானே போட்டேன். எறங்கும்மா. எவ்ளோ நேரம் வோணா உக்காரு. புள்ளைய நான் பாத்துக்கறேன். அன்னிக்கி இன்னாவோ கோவத்துல..."

"அய்யே, அதெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன் அத்தா" என்றாள் ஷாயிஸ்தா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கோபம் ஒரு துளி இல்லை. இருந்திருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப எறங்கேன்."

அவள் முந்தானையால் முழங்கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு இப்ப வலி இல்லத்தா" என்றாள். "எப்பவோ போயிடுச்சி."

ஜமீர் வந்ததும் கிளம்பினாள். "இருந்துட்டு நாளைக்குப் போயேன்" என்று நஃபீசா கேட்டதற்கு, "புள்ளைக்கு எடம் மாறினா தூக்கம் வராதும்மா" என்றாள். கேட்டில் அவள் பெயர் எழுதிய பலகைக்குக் கீழே நின்று குழந்தையின் கையை ஆட்டிக் காட்டினாள்.

வண்டி சத்தம் அடங்கியதும் நஃபீசா பின்பக்கம் வந்தாள். அவர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"தண்ணியத் தொறந்து வுட்டுட்டு வாங்க. தென்னைக்காவது போவட்டும்."

"சூடா கீது நஃபீசா" என்றார் ஹிதாயத்துல்லா. "இப்டியே வுட்டா வேரு வெந்துடும். ஆறட்டும்."

அது ஆறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.